புது பீரும் கூட்டு பீரும்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். மனைவி சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். அவர் குடும்பம் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்து ஐந்து தலைமுறை ஆகிவிட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கூடுவோம். அந்த மாதம் புதிதாக வந்த பீர்களில் நாலைந்தை வாங்கி, ஆளுக்குக் கால் தம்ளர் ஊற்றி, நிதானமாகச் சுவைத்துப் பார்ப்போம். சென்னை, கோவையிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இங்கேயே பிறந்து தமிழை வகுப்புக்குப் போய்ப் படித்தவர்களும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: கடையில் காஸில் லாகர் இருக்கும்போது கிராஃப்ட் பீர் எதற்கு?

கிராஃப்ட் பீர் என்றால் சிறிய ஆலைகள் கொஞ்சமாக, தங்கள் கைப்பக்குவத்தில் காய்ச்சுவது. காஸில் மோசமான பீர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்பனில் வாங்கினாலும் கேப் டவுனில் வாங்கினாலும் ஒரே ருசி வரும்படி லட்சக்கணக்கான லிட்டர் காய்ச்சுவது பெரிய தொழில்திறமை. ஆனால் காஸிலைக் காய்ச்சும், 1895இல் தொடங்கிய சவுத் ஆஃப்ரிக்கன் ப்ரூவரீஸ் இந்த நாட்டின் பீர் சந்தையை நெடுங்காலம் ஏறக்குறைய முழுதாகவே கையில் வைத்திருந்தது. பீர் என்றாலே வெளிர் மஞ்சள் நிறத்தில் ஜில்லென்று இருக்கும் லாகர்தான் என்று பல தலைமுறைகள் பழகிவிட்டன.

அந்தப் பழக்கத்தில் முதல் கீறல் விழுந்தது 1983இல். அதே நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த லெக்ஸ் மிட்செல், நைஸ்னா ஊரில் சிறிய ப்ரூவரி (பீர் காய்ச்சும் ஆலை) ஒன்றைத் தொடங்கினார். நம் குவாசுலு-நட்டாலில் 1996இல் நாட்டிங்ஹாம் ரோடு ப்ரூவரி வந்தது. ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் மிட்லாண்ட்ஸ் மலைப்பக்கம் இருக்கிறது. அங்கே காய்ச்சும் 'பிக்கிள்ட் பிக் போர்ட்டர்' என்ற கறுப்பு பீர்தான் நான் இந்த நாட்டில் குடித்த முதல் கிராஃப்ட் பீர். வறுத்த பார்லியின் வாசனை நம் வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையாக வந்து முகத்தில் அடித்தது. பீரில் இப்படியும் ஒரு வாசனை இருக்க முடியுமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். 2010ஐ ஒட்டி டெவில்ஸ் பீக், டார்லிங் ப்ரூ போன்றவை கேப் பக்கத்தில் கிளம்பின. அப்புறம் கடைத் தட்டே மாறிவிட்டது.

கேள்வி: 'கொலாப்' என்று கேனில் போட்டிருக்கிறதே, அது என்ன?

இரண்டு ப்ரூவரிகள் சேர்ந்து ஒரு பீரைக் காய்ச்சுவது. நாங்கள் கூட்டு பீர் என்கிறோம். பெரும்பாலும் ஒருவர் இடத்துக்கு மற்றவர் வந்து, ஒருநாள் முழுக்கச் சேர்ந்து நின்று காய்ச்சுவார்கள். கேனில் இரண்டு பேர் பெயரும் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவில் நடந்தது. கொலராடோவில் ஏவரி என்ற ப்ரூவரி, கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் என்ற ப்ரூவரி. இரண்டுமே தங்கள் பெல்ஜிய வகை பீர் ஒன்றுக்கு 'சால்வேஷன்' என்று பெயர் வைத்திருந்தன. வேறு தொழிலாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் பறந்திருக்கும். இவர்கள் இரண்டு பீரையும் சரியான அளவில் கலந்து, 2006இல் ஒரே பீராக வெளியிட்டார்கள். பெயர், 'வழக்கு வேண்டாம், கூட்டுச் சேர்வோம்' என்ற பொருளில் 'கொலாபரேஷன் நாட் லிட்டிகேஷன்'. கலந்த பிறகு அது இரண்டு பேர் பீராகவும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றாக நின்றது.

2020இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்து வெதர்ட் சோல்ஸ் ப்ரூவரி வேறொரு வழியைக் காட்டியது. தன்னுடைய ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் ஒன்றின் செய்முறையை 'பிளாக் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கறுப்பின மக்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பேசவும், வரும் பணத்தை அதற்காகப் போராடுகிறவர்களுக்குக் கொடுக்கவும் ஆன திட்டம். பல நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் அதைக் காய்ச்சின. அடிப்படை ஒன்று, ஒவ்வொருவரும் தங்கள் கைப்பக்குவத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, கடையில் நிற்கும்போது நல்ல கூட்டு பீரை எப்படி அடையாளம் காண்பது? நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: யார் எதைக் கொண்டுவந்தார்? ஒருவரிடம் வருடக்கணக்காக மரப்பீப்பாயில் ஊறிய பீர் இருக்கும், இன்னொருவரிடம் நல்ல ஈஸ்ட் இருக்கும். ஒருவருக்குப் புளிக்க வைக்கத் தெரியும், இன்னொருவருக்கு ஒரு மூலிகையின் குணம் தெரியும். அப்படி இரண்டு கையும் தெரிந்தால் வாங்குவேன். இரண்டு சின்னங்கள் மட்டும் அச்சடித்து, உள்ளே இருவரும் தனித்தனியாகவே போடக்கூடிய ஹேஸி ஐபிஏ என்ற கலங்கல் பீர் இருந்தால் தட்டிலேயே விட்டுவிடுவேன்.

கேள்வி: பிடித்துப்போன பீர் அடுத்த மாதம் கிடைப்பதில்லையே, ஏன்?

அளவு சிறியது. சின்ன ப்ரூவரியில் ஒரு தடவைக்கு 500 லிட்டர் காய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 340 மில்லி பாட்டிலாகக் கணக்குப் போட்டால் 1,470 வரும். அடியில் தங்கும் வண்டல், ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் கொடியின் பூ) உறிஞ்சிக்கொள்வது, பாட்டிலில் அடைக்கும்போது வீணாவது எல்லாம் போக 1,300 தேறினால் பெரிது. அதில் பாதி ப்ரூவரியின் சொந்த டேப்ரூமிலேயே (அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கூடம்) தீர்ந்துவிடும். கூட்டு பீருக்கு இது இன்னும் பொருந்தும். இன்னொரு ஊரிலிருந்து ஆள் மறுபடி வந்தால்தானே மறுபடி காய்ச்ச முடியும்.

கேள்வி: கேனில் இருக்கும் பெயர்கள் ஒன்றும் புரியவில்லை. சவர், கோஸ, ஹேஸி, ப்ரூட்... இவை என்ன?

சவர் என்றால் புளித்த பீர். நம் தயிரையும் இட்லி மாவையும் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகைதான் இங்கேயும் வேலை செய்கிறது. கோஸ, ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்ட்சிக் நகரத்தில் புகழ்பெற்ற புளிப்பு பீர். கோதுமை, கொஞ்சம் உப்பு, கொத்தமல்லி விதை சேரும். உப்பும் மல்லியும் புளிப்பும் என்று கேட்டவுடன் ரசம் ஞாபகம் வந்தால் அது சரிதான். எங்கள் சனிக்கிழமைகளில் பீரே பிடிக்காது என்று வந்த இரண்டு பேர் கோஸ குடித்துத்தான் மனம் மாறினார்கள்.

ஐபிஏ என்பது ஹாப்ஸ் தூக்கலான வெளிர் பீர். ஹேஸி என்பது கலங்கலான ஐபிஏ. ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் சாறு மாதிரி இருக்கும், கசப்பு குறைவு. ப்ரூட் ஐபிஏ அதற்கு நேர் எதிர். 2017இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவானது. ஒரு நொதியைச் சேர்த்து மாவுச்சத்து முழுவதையும் சர்க்கரையாக உடைத்துவிடுவதால் ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஷாம்பெயின் மாதிரி வறண்டிருக்கும். ஒரு காலத்தில் எல்லோரும் போட்டார்கள், இப்போது அரிது.

பேஸ்ட்ரி ஸ்டவுட் என்றால் கேக், பிஸ்கட், சாக்லேட் ருசி ஏற்றிய கறுப்பு பீர். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடுகிறது. ஆனால் தீபாவளிப் பலகாரத்தோடு நான்கு பேர் ஒரு கேனைப் பங்கிட்டுக்கொண்டால் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவுக்கே உரிய பொருள்கள் எவை?

சீடர்பெர்க் மலையில் மட்டும் விளையும் ரூயிபோஸ் செடியின் இலையைப் பலர் சேர்க்கிறார்கள். நிறமும் லேசான தேன் வாசனையும் வரும். புக்கு என்ற கேப் மூலிகை வீரியமானது, கறுப்புத் திராட்சையும் புதினாவும் கலந்த மாதிரி. ஒரு சிட்டிகை கூடினால் மருந்தாகிவிடும். டிரிஃப்டர் ப்ரூவரியின் 'ஸ்ட்ராண்டட் கோகோநட்' தேங்காய் போட்டது, நம் ஆட்களுக்குப் பிடிக்கும். ஃப்ரான்ஸ்ஹுக் பக்கத்தில் சோல் பேரல் என்ற ப்ரூவரி காற்றிலும் பழத்தோலிலும் வாழும் காட்டு ஈஸ்டைக் கொண்டு மரப்பீப்பாயில் புளிக்கவைக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருப்பதால் பழைய வைன் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. நிலமே பீருக்குள் இறங்கியது போல் இருக்கும்.

ஆனால் பலர் கவனிக்காத பொருள் ஹாப்ஸ். ஜார்ஜ் ஊர்ப் பக்கம் உள்ள மலைப் பள்ளத்தாக்குகளில் விளைகிறது. ஹாப்ஸ் கொடிக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். ஐரோப்பாவின் வடக்கில் அது தானாகக் கிடைக்கும். ஜார்ஜ் இருப்பது 34 டிகிரி தெற்கில், பகல் போதாது. அதனால் முன்பு தோட்டத்தில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டினார்கள். அப்புறம் குறைந்த பகலிலேயே காய்க்கும் ரகங்களை இங்கேயே இனக்கலப்புச் செய்து உருவாக்கினார்கள். சதர்ன் பேஷன், ஆஃப்ரிக்கன் குவீன் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சதர்ன் பேஷனில் பேஷன் பழ வாசனை அப்படியே இருக்கும்.

2016இல் ஏபி இன்பெவ் என்ற உலகப் பெரிய நிறுவனம் சவுத் ஆஃப்ரிக்கன் ப்ரூவரீஸின் தாய் நிறுவனத்தை வாங்கியது. 2017இல், விளைச்சல் குறைவு, எங்கள் தேவைக்கே போதாது என்று சொல்லி, அமெரிக்கச் சிறு ப்ரூவரிகளுக்கு இந்த ஹாப்ஸ் போவதை நிறுத்தியது. அப்போதுதான் அங்கே இதன் ருசி பரவத் தொடங்கியிருந்தது. எனக்கு இது இன்றும் வருத்தம். ஒரு ப்ரூவர் தன் மண்ணின் வாசனையைத் தூரத்து நண்பருக்கு அனுப்ப முடிந்தால்தானே கூட்டு பீருக்கே அர்த்தம்.

கேள்வி: சோளத்தில் பீர் என்கிறார்களே, அது புதுசா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன்.

முதலில் சொல் குழப்பம். இங்கே நான் சோளம் என்பது நம் ஊர் வெள்ளைச் சோளத்தின் இனம், ஜூலு மொழியில் அமபேலே. மக்காச்சோளத்தை இங்கே மீலி என்பார்கள்.

உம்கொம்போத்தி என்பது தெற்கு ஆப்பிரிக்க மக்களின் பழைய பீர். மீலி மாவையும் முளைகட்டி அரைத்த சோளத்தையும் வெந்நீரில் கரைத்து ஓரிரு நாள் புளிக்க விடுவார்கள். பிறகு அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி முளைச்சோளம் சேர்த்துப் பொங்க விட்டு வடிகட்டுவார்கள். இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறம், கலங்கல், புளிப்பு. மதுச்சத்து 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். உகாம்பா என்ற கறுப்பு மண்பானையில் ஊற்றி, கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்பார்கள். காய்ச்சுவது பெண்கள். முன்னோரை வணங்கும் நாளில் இது இல்லாமல் சடங்கு நிறையாது.

என் மனைவியின் ஆயா (பாட்டி) சிறுவயதில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தவர். பக்கத்து வீட்டு ஜூலுப் பாட்டியை, கோகோ என்று கூப்பிடுவார்களாம். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஆயாவின் அம்மா மீலி மாவில் கூழ் காய்ச்சுவார். கோகோ அதே மாவில் மஹேவு என்ற புளித்த கஞ்சி செய்வார். இரண்டு சட்டியும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்திருக்கின்றன. "ரெண்டும் ஒரே புளிப்புதான்யா, சாமிதான் வேற" என்று ஆயா சொல்வார்.

ஆனால் கோகோ பீர் காய்ச்சினால் குற்றம். 1908இல் நட்டாலில் வந்த சட்டம், சோள பீர் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சிகள் தமக்கே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. டர்பன் நகராட்சி அதைக் கொண்டு பீர்ஹால்களைத் திறந்து, அந்த வருமானத்திலேயே கறுப்பின மக்களை அடக்கி ஆளும் நிர்வாகத்தை நடத்தியது. வீட்டில் காய்ச்சிய பெண்களின் பானைகளைப் போலீஸ் வந்து கவிழ்த்தது. 1959 ஜூனில் கேட்டோ மேனர்ப் பெண்கள் பீர்ஹாலுக்குள் புகுந்து பீரைக் கொட்டினார்கள். அன்று தெருவில் கேட்ட சத்தத்தை ஆயா இன்றும் சொல்வார். கறுப்பின மக்கள் கடையில் சாதாரண பாட்டில் பீர் வாங்கச் சட்டம் இடம் கொடுத்ததே 1962இல்தான்.

அதனால் 'புதுமை! சோள பீர்!' என்று ஒரு கேனைப் பார்த்தால் என் கேள்வியை இரண்டு மடங்கு அழுத்திக் கேட்பேன்: இதில் யார் எதைக் கொண்டுவந்தார்? அபீவே நூசானி-மவேலா செய்வது எனக்கு நிறைவாக இருக்கிறது. நுண்ணுயிரியல் படித்து, பெரிய நிறுவனத்தில் தொழில் கற்று, ப்ரூஸ்டர்ஸ் கிராஃப்ட் என்ற சொந்த ப்ரூவரியைத் தொடங்கியவர். இந்த நாட்டில் ப்ரூவரி நடத்த முன்வந்த கறுப்பினப் பெண்களில் முன்னோடி. டோலோகாசி என்ற அவருடைய வரிசையில் சோளம் சேர்த்த பில்ஸ்னர் (தெளிந்த லாகர் வகை) உண்டு. அந்தப் பெயரே அவருடைய குலப்பெயர். பாட்டிமார்களின் தானியத்தை ஐரோப்பிய முறையோடு சேர்க்கிறார். பில்ஸ்னரின் தெளிவும் இருக்கிறது, சோளத்தின் லேசான மண்வாசனையும் இருக்கிறது. அது ஒரே ஆள் போட்ட கூட்டு பீர் என்றே சொல்வேன்.

நமக்கும் இதில் உறவு இருக்கிறது. சங்கப் பாடல்களில் தோப்பி என்று ஒரு சொல் வரும், வீட்டில் நெல்லில் காய்ச்சிய கள்ளுக்கு. பனங்கள்ளும் தென்னங்கள்ளும் மட்டும் நம்முடையவை இல்லை, தானியத்தில் காய்ச்சியதும் நம்மிடம் இருந்திருக்கிறது.

கேள்வி: கரண்ட் போனால் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் என்ன செய்வது?

லோட் ஷெடிங் கடுமையாக இருந்த 2022, 2023இல் தினமும் வந்த கேள்வி. ஏல் என்பது லாகரைவிட வெதுவெதுப்பில் புளிக்கும் பீர் வகை. சாதாரண ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும், லாகருக்கு இன்னும் கீழே. டர்பன் கோடையில் அறையிலேயே 28, 30. ஃப்ரிட்ஜில் வைத்துக் காய்ச்சுகிறவருக்குக் கரண்ட் போய் வந்தால் ஈஸ்ட் திணறிப்போய், நகப்பூச்சு வாசனை மாதிரி கெட்ட நெடிகளைக் கிளப்பும்.

இதற்கு நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளிலிருந்து ஒரு வழி கிடைத்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஈஸ்டுக்குக் க்வெய்க் என்று பெயர். மரத்தில் செதுக்கிய வளையத்தை நுரைக்கும் பீரில் முக்கி எடுத்து, காயவைத்து, அடுத்த தடவைக்குத் தொங்கவிட்டு வைப்பார்களாம். நம் வீட்டில் பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்து அடுத்த மாவைப் புளிக்க வைப்பது போலத்தான். வோஸ் ஊரிலிருந்து வந்த ரகம் 30 முதல் 40 டிகிரி வரை சந்தோஷமாக வேலை செய்யும். கெட்ட நெடிக்குப் பதில் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். மூன்று நான்கு நாளில் பொங்கி முடித்துவிடும். குளிர்நாட்டுப் பண்ணையில் பிறந்த ஈஸ்ட் டர்பன் வெயிலுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. போன பிப்ரவரியில் க்வெய்க்கில் போட்ட வெளிர் ஏலை எங்கள் சனிக்கிழமையில் எல்லோரும் இரண்டாவது தம்ளர் கேட்டார்கள்.

வீட்டில் காய்ச்சியதை விற்கக் கூடாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். விற்க உரிமம் வேண்டும்.

கேள்வி: ஐபிஏ என்பதில் வரும் 'இந்தியா' நாம்தானா?

பெயரளவில் ஆமாம். ஐபிஏ என்றால் 'இந்தியா பேல் ஏல்', அதாவது இந்தியா வெளிர் ஏல். லண்டன் ப்ரூவர் ஹாட்ஜ்சன் போன்றவர்களின் வெளிர் ஏல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்குப் போனது. வழியில் கெட்டுப்போகாமல் இருக்க ஹாப்ஸ் கைநிறையச் சேர்த்தார்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதுவரை அந்தப் பீப்பாய்கள் எல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போயின. அதாவது, 1860இல் நம் முதல் ஆட்களை மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே கொண்டுவந்த நாட்களில், எதிர்த்திசையில் பீர் போய்க்கொண்டிருந்தது.

கேள்வி: பன்னி சௌவுக்கு எந்த பீர்?

ஊரிலிருந்து வந்தவர்கள் பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், பன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிக் கொடுப்பது; வணிகரைக் குறிக்கும் பனியா என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். மட்டன் பன்னி காரமாக இருக்கும். பலர் கசப்பான ஐபிஏவை எடுக்கிறார்கள், அது தவறு. ஹாப்ஸ் கசப்பும் கூடுதல் மதுச்சத்தும் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். கோதுமை பீர் எடுங்கள், அல்லது மில்க் ஸ்டவுட். காஸில் மில்க் ஸ்டவுட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதன் லேசான இனிப்பு காரத்தை அணைக்கும். புளிபோட்ட டர்பன் மீன்குழம்புக்குக் கோஸ.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் இவற்றைக் குடிக்கலாமா?

பெரும்பாலானவற்றைக் குடிக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுக் குடியுங்கள். பீரைத் தெளிய வைக்கச் சிலர் ஐசின்கிளாஸ் சேர்ப்பார்கள். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. கின்னஸ்கூட நெடுங்காலம் பயன்படுத்தியது, 2015இல் கைவிடப் போவதாக அறிவித்து, அப்புறம் நிறுத்திவிட்டது. ஜெலட்டின் சேர்ப்பவர்களும் உண்டு. ஆய்ஸ்டர் ஸ்டவுட் என்றால் பெயரிலேயே சிப்பி இருக்கிறது. மில்க் ஸ்டவுட், மில்க்ஷேக் ஐபிஏ இரண்டிலும் பால் சர்க்கரை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும். கலங்கலான பீர்களை யாரும் தெளிய வைப்பதில்லை, அதனால் அவற்றில் இந்தக் கவலை குறைவு. டேப்ரூமில் நேரே கேட்டால் ப்ரூவர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் இருக்கும்போது நல்ல ரிலீஸ் வந்துவிட்டால்?

வருடா வருடம் இது நடக்கிறது. செப்டம்பர் கடைசியில் இங்கே வசந்தகாலம், புது பீர்கள் வரிசையாக வரும். விரதம் முக்கியம். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதை வைப்பது என்று பாருங்கள். பீப்பாயில் ஊறிய ஸ்டவுட், காட்டு ஈஸ்ட் சவர், 8 சதவீதத்துக்கு மேல் உள்ள பெல்ஜிய வகை எல்லாம் மாதக்கணக்கில் பொறுக்கும், சில இன்னும் மெருகேறும். ஐபிஏ பொறுக்காது. அதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் விரதம் இல்லாத நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் பத்து நாள்தான், கவலையில்லை.

கேள்வி: பீர் பழசாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஹேஸி ஐபிஏ என்றால் ஆரஞ்சு நிறம் மங்கி, அழுக்குப் பழுப்பாகிவிடும். ஒருமுறை, நான் மூன்று மாதம் காத்திருந்த ஒரு கூட்டு பீரைக் கடையில் கண்டு ஆறு கேன் வாங்கினேன். வெயில் விழும் ஜன்னல் ஓரத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். வீட்டில் திறந்தால் ஹாப்ஸ் வாசனை சுத்தமாக இல்லை, கொதித்த காய்கறித் தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டு ப்ரூவர்கள் பாடுபட்டுச் செய்ததை ஒரு ஜன்னல் கெடுத்துவிட்டது. அதிலிருந்து கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஹாப்ஸ் மிகுந்த பீரில் மூன்று மாதம் தாண்டியதை எடுப்பதில்லை. நீங்களும் வாங்கியதைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டு உம்ஷ்லாங்கா கடற்கரையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: விலை ஏன் இவ்வளவு?

அளவு சிறியது, மால்ட்டிலும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஹாப்ஸிலும் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. இன்னொன்றும் உண்டு. கொரோனாவின்போது இந்த நாட்டில் மதுவிற்பனையை நான்கு முறை நிறுத்தினார்கள்: 2020 மார்ச் கடைசியில், ஜூலையில், டிசம்பர் கடைசியில், அப்புறம் 2021 ஜூன் கடைசியில். தொட்டியில் பீர் இருக்கிறது, விற்க முடியாது. எனக்குத் தெரிந்த நல்ல ப்ரூவரிகள் சில அதில் மூடிவிட்டன. தாக்குப்பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை.

கேள்வி: நாலு கால் தம்ளர்தானே, வண்டி ஓட்டலாமா?

வேண்டாம். சட்டம் சொல்லும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராம், தொழில்முறை ஓட்டுநர்களுக்கு 0.02தான். கிராஃப்ட் பீரில் 7, 8 சதவீதம் சாதாரணம், கால் தம்ளர் கணக்கு ஏமாற்றும். ஓட்டுகிறவருக்கு டெவில்ஸ் பீக் போடும் மது இல்லாத பீரை வாங்கி வைப்போம், அதுவும் நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: நம் பொருள்களைப் போட்டு ஒரு ப்ரூவரியோடு கூட்டு பீர் காய்ச்ச முடியுமா?

முடியும், நாங்கள் அந்த முயற்சியில்தான் இருக்கிறோம். வெறும் யோசனையோடு போனால் ப்ரூவர் சிரித்து அனுப்பிவிடுவார். 20 லிட்டர் வீட்டில் காய்ச்சி, நான்கு பாட்டில் கையில் கொண்டுபோங்கள்.

கருப்பட்டி போர்ட்டரில் நான் கற்றது: கொதிக்கும்போது போட்டால் ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வாசனையையும் விரட்டிவிடும். முதல் பொங்கல் அடங்கிய பிறகு அரைக்கிலோ கரைத்துச் சேருங்கள். புளியை கோஸயில் சேர்ப்பதானால் உப்பைக் குறையுங்கள். புளியின் டார்டாரிக் அமிலம் லாக்டிக் புளிப்பைவிடக் கூர்மையானது. கறிவேப்பிலையை இரண்டு தடவை முயன்றோம், இரண்டும் குழம்பு மணத்தில் நின்றுவிட்டன. இப்போதைக்கு அதை விட்டிருக்கிறேன்.

மல்லியில்தான் நம்பிக்கை. பெல்ஜிய கோதுமை பீரில் அது காலங்காலமாக உண்டு. மல்லி விதையின் மணத்துக்கு முக்கியக் காரணமான லினலூல் ஹாப்ஸிலும் இருப்பதால் இரண்டும் சண்டையில்லாமல் சேரும். பெல்ஜியர்கள் வறுக்காமல் போடுகிறார்கள். ஆயா சொன்னபடி லேசாக வறுத்துப் போட்டுப் பார்த்தோம், எலுமிச்சை மணம் குறைந்து, ஒரு கொட்டைப் பருப்பின் கதகதப்பு வந்தது. அதோடு முளைச்சோளம் ஐந்தில் ஒரு பங்கு, சதர்ன் பேஷன் ஹாப்ஸ் கொஞ்சம். மிட்லாண்ட்ஸ் பக்கத்து ப்ரூவர் ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு, குளிர்காலம் முடியட்டும், வாருங்கள், சேர்ந்து காய்ச்சலாம் என்றிருக்கிறார். சோளத்தை எப்படி முளைகட்டுவது என்று காட்டித்தர, உம்கொம்போத்தி காய்ச்சும் ஜூலு அம்மா ஒருவரையும் அழைத்திருக்கிறோம். கேனில் அவர் பெயரும் வரவேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டோம்.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு அளவு: 20 லிட்டருக்கு 20 கிராம் மல்லி, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டும். முந்தின நாளே இடித்து வைக்காதீர்கள். காய்ச்சுகிற அன்று காலையில் வறுத்து, ஆறியதும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும்.